நிலம் கட்டிய வம்சம்

ஹியூகனாட் என்றதும் 1685 நினைவுக்கு வரும். ஹியூகனாட் எனப்பட்ட பிரான்ஸின் புராட்டஸ்டன்ட் மக்களுக்கு வழிபாட்டு உரிமை தந்த நான்ட் சாசனத்தை மன்னர் 14ஆம் லூயி ரத்து செய்த ஆண்டு அது. ஹியூகனாட் வழிவந்த அமெரிக்க வேளாண் குடும்பங்களின் வரலாறும் மதத்துக்காக ஊரைத் துறந்த கதையாகவே சொல்லப்படுகிறது. நியூயார்க் மாநிலத்தில், வால்கில் ஆற்றங்கரையிலுள்ள நியூ பால்ட்ஸின் ஆவணங்கள் வேறு விதமாகப் பேசுகின்றன. அவ்வூரின் மூதாதையரில் ஒருவரான லூயி டுபுவா 1655இலேயே ஜெர்மனியின் மன்ஹைமில் கத்தரீன் பிளான்ஷானை மணந்தார். 1660 வாக்கில் அமெரிக்கா வந்தார். சாசனம் ரத்தாவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அவர் கடல் கடந்துவிட்டார். அடைக்கலம் மன்ஹைமிலேயே கிடைத்துவிட்டது. அதற்கு அப்பாலும் அவரை நகர்த்தியதில் நிலத்துக்குப் பெரும் பங்குண்டு.

1677இல் எசோபஸ் பழங்குடியினரிடம் பாத்திரங்கள், கோடரிகள், சட்டைகள், கத்திகள் கொடுத்து சுமார் 40,000 ஏக்கர் வாங்கப்பட்டது. ஆளுநர் எட்மண்ட் ஆண்ட்ரோஸ் பன்னிரண்டு பேர் பெயரில் பட்டயம் தந்தார். அந்தப் பட்டியலே பாதி வம்சாவளி. டுபுவாவோடு அவருடைய இரு மகன்கள். அவர் மனைவியின் தங்கையை மணந்த சகலை கிறிஸ்பெல். கிறிஸ்டியான் டியோவோடு அவர் மகன் பியேர், மருமகன்களான ஹாஸ்ப்ரூக் சகோதரர்கள் இருவர். பின்வந்த தலைமுறைகளும் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. நிலமும் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றியது. மதப்பற்றுதான் இவர்களைச் சேர்த்தது என்று வாதிடலாம். 1683இல் அவர்கள் தேவாலயம் அமைத்தது உண்மை. அந்தப் பற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் பிரெஞ்சில் தொடங்கிய தேவாலயப் பதிவேடு டச்சுக்கும், பிறகு ஆங்கிலத்துக்கும் மாறியது. சபையும் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையில் கலந்தது. மொழியும் சபை அடையாளமும் மாறிய பிறகும் தலைமுறைகளைக் கட்டிக் காத்தது நிலமே.

அந்த நிலத்தை உழுதவர்கள் யார் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்தவர்களின் பண்ணைகளில் ஆப்பிரிக்க அடிமைகள் வேலை செய்தார்கள். சொத்துகளைப் பிரிக்கும்போது அவர்களும் பிரிக்கப்பட்டார்கள். அடிமை ஒழிப்புப் போராளி சோஜர்னர் ட்ரூத் நியூ பால்ட்ஸ் அடங்கிய இதே அல்ஸ்டர் வட்டாரத்தில்தான் பிறந்தார். அவர் முதலில் பேசிய மொழி டச்சு. 1826 வரை நியூ பால்ட்ஸ் எல்லைக்குள் டுமாண்ட் என்பவரின் பண்ணையில் அடிமையாக இருந்தார். நியூயார்க்கில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1827 ஜூலை 4 அன்றுதான். அடிமை முறை அந்தக் காலத்தின் வழக்கம், வம்சாவளிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. நிலம்தான் குடும்பத்தைக் காத்தது என்றால், அந்த நிலத்தை விளையவைத்த உழைப்பு குடும்ப வரலாற்றுக்கு வெளியே இருக்க முடியாது. ஆகவே, வம்சாவளி எழுதுவோர் ஞானஸ்நானப் பதிவேட்டோடு நின்றுவிடாமல், நிலப் பத்திரங்களையும் உயில்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவற்றில் காணும் அடிமைகளின் பெயர்களையும் அந்தக் குடும்பத்தின் வரலாற்றிலேயே எழுத வேண்டும்.