தொல்லையாக வந்த பசை

கரும்புச் சாற்றையோ பீட்கிழங்குச் சாற்றையோ தேங்க விட்டால் சில வேளைகளில் அது கொழகொழத்து நூலாக இழுபடும். சர்க்கரை ஆலைகளின் வடிகட்டிகளை அடைத்து நட்டம் விளைவித்த இப்பசை எங்கிருந்து வந்தது?

மதுரசத்தில் தோன்றும் இத்தகைய பசைக்கு நுண்ணுயிர்களே காரணம் என்று 1861இல் லூயி பாஸ்டர் காட்டினார். 1874இல் ஷைப்லர் என்னும் ஜெர்மானிய வேதியியலார் இப்பசைக்கு ‘டெக்ஸ்ட்ரான்’ எனப் பெயரிட்டார். இதை உண்டாக்குவது லூக்கனாஸ்டாக் என்னும் லாக்டிக் அமில பாக்டீரியா. இதன் நொதி சர்க்கரையைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் எனப் பிளந்து, குளுக்கோஸ் மூலக்கூறுகளை நீண்ட சங்கிலியாகக் கோக்கிறது.

1940களில் சுவீடன் நாட்டு உப்சாலாவில் இங்கல்மன் என்னும் வேதியியலாரும் கிரான்வால் என்னும் மருத்துவரும் இப்பசையை ஆராய்ந்தனர். குருதி இழந்தவருக்கு வெறும் உப்புநீரை ஏற்றினால், அதில் பெரும்பகுதி நுண்குழாய்ச் சுவர் வழியே விரைவில் கசிந்துவிடும். குருதியிலுள்ள ஆல்புமின் என்னும் புரதம், தன் சவ்வூடு பரவல் அழுத்தத்தால் நீரைக் குழாய்க்குள் இருத்தி வைக்கிறது. அவ்வேலையை டெக்ஸ்ட்ரான் செய்யாதா?

இயற்கை டெக்ஸ்ட்ரானின் மூலக்கூறு எடை பல லட்சங்களுக்கு மேற்பட்டது; உடலில் ஏற்றத் தகாதது. மிகச் சிறியதாக உடைத்தாலோ சிறுநீரில் வெளியேறிவிடும். ஆகவே அமிலத்தால் அளவாக உடைத்து, ஆல்புமினை ஒத்த சுமார் 70,000 எடையுள்ள துண்டுகளைப் பிரித்தெடுத்தனர். 1947இல் இது ‘மேக்ரோடெக்ஸ்’ என்னும் மருந்தாக வெளிவந்தது. ஆக்சிஜனைச் சுமக்க இதனால் இயலாது. எனினும் மாற்றுக் குருதி கிடைக்கும் வரை உயிரைக் காக்க உதவிற்று. ஒவ்வாமை, இரத்தக் கசிவு ஆகிய தீங்குகள் தெரியவந்தபின் இதன் பயன் குறைந்துவிட்டது.

உணவிலும் இப்பசைக்கு இடமுண்டு. ரொட்டி மென்மையாக இருக்க இதைச் சேர்க்கலாம் என 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் இசைவளித்தது. லாக்டிக் பாக்டீரியாக்களின் வேறு பசைகள் தயிரைக் கெட்டியாக்குகின்றன. சில பசைகள் குடலுக்கு நன்மை தரும் என ஆய்வுக்கூடச் சோதனைகள் கூறினும், மனிதரிடம் அவை ஒவ்வொன்றாக மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

இதே லூக்கனாஸ்டாக்தான் நம் இட்லி மாவைப் பொங்கச் செய்யும் உயிர்களுள் முதன்மையானது. அதற்காக இட்லி தின்றால் குருதி பெருகும் என எவரும் எண்ண வேண்டா! சர்க்கரை மிகுந்த இடத்தில்தான் அது பசையைப் பெருக்கும். மாவில் அது நமக்குத் தருவது புளிப்பும் வாயுவும். ஆலையில் தொல்லையாகவும் மருத்துவமனையில் துணையாகவும் இருந்த உயிர், நம் அடுக்களையில் அன்றாடம் ஓசையின்றி உழைக்கிறது.