ரூபாய்க்கு வேண்டாத திருத்தக் காரணி: கோடைக்கானல் சூரியப் பதிவுகளும் கூட்டிணைப்புச் சமூக வலைத்தளங்களும்

1. சிக்கல்

ஜோஹோவின் 'அரட்டை' செயலி திடீரெனப் பரவிய 2025 செப்டம்பர் இறுதியில், அந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு ஒரு கருத்தை முன்வைத்தார். செய்திச் செயலிகள் வாட்ஸ்அப்பைப் போல மூடிக்கிடக்கக் கூடாது. யுபிஐ போலவும் மின்னஞ்சல் போலவும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றார். நோக்கம் நல்லது. ஆனால் சேர்த்துச் சொன்ன இரண்டு உவமைகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல.

கோடைக்கானலில் ஒரு தேநீர்க் கடையின் கியூஆர் அட்டையைக் கூகுள் பேயில் ஸ்கேன் செய்தாலும் போன்பேயில் ஸ்கேன் செய்தாலும் பணம் போய்ச் சேர்கிறது. கடைக்காரருக்கு எந்த வங்கியில் கணக்கு என்று யாரும் கேட்பதில்லை. 2016இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் நடுவில் தேசியப் பணம் செலுத்தும் கழகம் இருக்கிறது. வங்கிகள் பலவானாலும் சந்தி ஒன்றே. 1982இல் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை வகுக்கப்பட்ட மின்னஞ்சலிலோ அப்படி ஒரு நடுச் சந்தி கிடையாது. வழங்கிகள் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. இன்னொரு வேறுபாடு இதைவிட ஆழமானது. பதினைந்து ரூபாய் எந்த வங்கிக்குப் போனாலும் பதினைந்து ரூபாய்தான். ஒரு சொல்லுக்கு அந்த உறுதி இல்லை.

நெறிமுறை செய்தியைக் கடத்தும். செய்தியின் அளவுகோலைக் கடத்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு வேறு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும்: மூலப்பதிவு அவரவர் கையில் இருக்க வேண்டும்; ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிய திருத்தக் காரணி வெளிப்படையாகத் தெரிய வேண்டும். சூரியனை நோக்கும் ஆய்வகங்கள் இவ்விரண்டையும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பட்டுத் தெரிந்துகொண்டன. அவற்றுள் ஒன்று பழனி மலைத்தொடரில் இருக்கிறது.

2. நெறிமுறை செய்வதும் செய்யாததும்

மாஸ்டடான், பிக்சல்ஃபெட், பியர்டியூப், லெமி ஆகிய சமூக வலைத்தளங்கள் தோற்றத்திலும் பயனிலும் வேறுவேறானவை. இவற்றைப் பிணைப்பது ஆக்டிவிட்டிபப். இந்நெறிமுறையை இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2018 ஜனவரியில் தன் பரிந்துரையாக ஏற்றது. ஒவ்வொரு பயனருக்கும் வரவுப்பெட்டி ஒன்று, அனுப்புப்பெட்டி ஒன்று. பெயரும் வழங்கியும் சேர்ந்த முகவரி ஒன்று. குறிஞ்சி பூத்த சரிவைப் படமெடுத்து ஒருவர் பிக்சல்ஃபெட்டில் இடுகிறார் என்று கொள்வோம். யாழ்ப்பாணத்தில் மாஸ்டடான் கணக்கிலிருந்து அவரைப் பின்தொடர்பவரின் வழங்கிக்கு அந்த இடுகை வந்துசேர்கிறது. அவர் எழுதும் மறுமொழி அதே வழியில் திரும்புகிறது. இரண்டு வழங்கிகளுக்கும் பொதுவான உரிமையாளர் இல்லை. கூட்டிணைப்பு என்பது இதுவே.

இது பெரிய சாதனை. ஆயினும் இங்கே கடந்தது உறையும் உள்ளடக்கமும் மட்டுமே. அந்த மறுமொழி வசையா நையாண்டியா, நீக்கத்தக்கதா அல்லவா என்பதை ஒவ்வொரு வழங்கியும் தன் வழக்கப்படி தீர்மானிக்கிறது. அந்த வழக்கம் இடுகையோடு பயணம் செய்வதில்லை.

3. மையம் மூடினாலும் மூலம் இருந்தது

கோடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டு 1901இல் நோக்குப்பணியைத் தொடங்கியது. சூரியப் புள்ளிகளில் வாயு கிடையாக வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இங்கேதான். அந்தப் புகழைவிட நம் வாதத்துக்கு வேண்டியது அன்றாட வேலை. 1904 முதல், மேகம் விலகிய நாட்களில், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள சூரிய உருவம் பதிவாகிவந்தது.

மேகம் விலகாத நாட்களும் உண்டு. எந்த ஒரு நிலையமும் ஆண்டு முழுவதும் சூரியனைக் காண முடியாது. 1874இல் சூரியப்புள்ளிப் பதிவைத் தொடங்கிய கிரீனிச் ஆய்வகம், லண்டன் வானம் மூடிய நாட்களுக்கு நன்னம்பிக்கை முனை, மொரிஷியஸ், கோடைக்கானல் ஆகிய இடங்களின் படங்களைக் கொண்டு இடைவெளியை நிரப்பியது. அளப்பதும் அச்சிடுவதும் கிரீனிச்சின் பொறுப்பு. யுபிஐ போல நடுவில் ஒரு சந்தி.

1976இல் கிரீனிச் அந்த வேலையை நிறுத்தியது. சந்தி மூடிவிட்டது, பாதை மூடவில்லை. கோடைக்கானலின் தொகுப்பு கோடைக்கானலில்தான் இருந்தது. ஹங்கேரியின் டெப்ரெட்சென் ஆய்வகம் அளவீட்டுப் பொறுப்பை ஏற்றபோது தன் படங்களோடு பிற ஆய்வகங்களின் படங்களையும் சேர்த்துக்கொண்டது. கோடைக்கானலின் படங்களும் அவற்றில் உண்டு. அந்தப் பழைய தொகுப்பை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்முறைப் படங்களாக மாற்றியிருப்பதால் இன்றும் அளந்து பார்க்க முடிகிறது. இதற்கு நேரெதிர், தமிழிலும் இயங்கிய 'கூ' செயலி. 2024 ஜூலையில் அது மூடப்பட்டபோது, அங்கே எழுதியவர்களுக்குத் தங்கள் வாசகர் வட்டத்தோடு வேறிடம் பெயர வழியிருக்கவில்லை. அது எந்தத் தளத்தோடும் கூட்டிணைந்திருக்கவில்லை.

மாஸ்டடான் இதில் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறது. வழங்கி மாறும்போது பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள். பழைய இடுகைகள் பழைய இடத்திலேயே தங்கிவிடும். ப்ளூஸ்கை தளத்தின் ஏடி நெறிமுறையில் இடுகைகளையும் பெயர்த்துக்கொண்டு போகலாம்.

4. 'கே' என்னும் எண்

கிரீனிச்சுக்குப் பின் அமெரிக்க விமானப்படையின் நிலையங்களும் புள்ளிகளின் பரப்பை அளந்துவந்தன. அதே சூரியன், அதே அலகு. ஆனால் அந்த எண்களைக் கிரீனிச் வரிசையோடு ஒட்டவைக்க ஏறத்தாழ 1.4ஆல் பெருக்க வேண்டியிருந்தது. இதை அறியாமல் இரண்டையும் வரிசையாக அடுக்கினால், 1976க்குப் பின் சூரியனே அடங்கிவிட்டது என்ற பொய் முடிவு கிடைக்கும். அட்டவணையின் வடிவம் ஒன்றாக இருந்தது. அளக்கும் வழக்கம் வேறாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சூரிச்சின் ருடால்ஃப் வோல்ஃப் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார். புள்ளிக் கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப்புள்ளிகளைக் கூட்டி, வருவதை 'கே' என்ற எண்ணால் பெருக்குவது அவருடைய முறை. நோக்குபவரின் கருவி, கண், காற்று, எண்ணும் பழக்கம் எல்லாம் சேர்ந்ததே 'கே'. வோல்ஃப் தனக்கு 1 என்று வைத்துக்கொண்டார். அவர் விட்டுவிட்ட சிறுபுள்ளிகளையும் எண்ணிய உதவியாளர் வோல்ஃபருக்கு 0.6. இதனால் வோல்ஃபர் தாழ்ந்தவர் ஆகவில்லை. உண்மையில் அவர்தான் கூடுதலாகக் கண்டவர். 'கே' தரவரிசை அன்று, மொழிபெயர்ப்பு எண்.

மையமும் தவறும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சூரிச் பெரிய புள்ளிகளுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து எண்ணியதால் அங்கிருந்து வரிசை சற்று வீங்கியது. 1981இல் பொறுப்பேற்ற பிரசெல்ஸ் மையம் 2015இல் வரிசையைத் திருத்தி வெளியிட்டது. மூல எண்ணிக்கைகள் அழியாமல் இருந்ததால்தான் அது முடிந்தது.

5. பேச்சின் 'கே'

'போடா' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கூட்டாளிகளுக்குள் அது செல்லம். வயதில் மூத்தவரிடம் வசை. தமிழ் தெரியாத மட்டுறுத்துநர் இயந்திர மொழிபெயர்ப்பைப் பார்த்து நண்பர்களின் கேலியை நீக்கக்கூடும். சாதியைக் குத்திக்காட்டும் வாக்கியமோ பெரும்பாலும் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் வரும். அதை அவர் விட்டுவிடுவார். இரண்டு பிழைகளும் நெறிமுறையின் கோளாறுகள் அல்ல. உறை சரியாகத்தான் வந்தது.

ஆகவே ஒவ்வொரு வழங்கியும் தன் 'கே'யை அறிவிக்க வேண்டும்: மட்டுறுத்துநர்கள் படிக்கும் மொழிகள் எவை, வந்த புகார்களில் எத்தனை எந்த மொழியில் தீர்க்கப்பட்டன, எந்த வழங்கிகளை ஏன் தடுத்திருக்கிறது. விதிகளையும் தடைப் பட்டியலையும் வெளியிட மாஸ்டடானில் இப்போதே வசதி உண்டு. ஆனால் அது மனிதர் தேடிப்போய்ப் படிக்கும் பக்கம். இடுகையோடு பயணிக்கும் தகவல் அன்று.

6. இரண்டு மறுப்புகள்

சூரியன் ஒன்று, ஆகவே ஒப்பிடலாம். பேச்சுக்கு அப்படி ஒரு பொதுப்பொருள் உண்டா என்று கேட்கலாம். ஓரளவு உண்டு. ஒரு வழங்கியில் எழும் புகாரை, இடுகை பிறந்த வழங்கிக்கும் அனுப்பலாம். அப்போது ஒரே இடுகையை இரண்டு நிலையங்கள் ஒருசேர நோக்குகின்றன. இரண்டும் எடுக்கும் முடிவுகளின் வேறுபாடு பலநூறு இடுகைகளில் திரண்டால், அதுவே 'கே'க்கு மூலப்பொருள்.

இரண்டாம் மறுப்பு வலுவானது: பெரிய நிலையம் தன்னையே 1 என்று அறிவித்துக்கொள்ளும். வோல்ஃப் செய்ததும் அதுதான். எக்ஸ்எம்பிபி நெறிமுறை வழியே பிறரோடு பேசிய கூகுள் டாக்கின் இடத்தில் 2013இல் ஹேங்கவுட்ஸ் வந்தது. பிற வழங்கிகளுக்கு அங்கே இடமில்லை. மெட்டாவின் த்ரெட்ஸ் ஆக்டிவிட்டிபப்பில் காலெடுத்து வைத்தபோது சிறு வழங்கிகள் சில முன்கூட்டியே கதவடைத்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். இதற்குத் தொழில்நுட்ப மருந்து முழுமையாக இல்லை. மூலப்பதிவு எழுதியவர் கையில் இருந்தால், பெரியவர் வெளியேறினாலும் வரிசை அறுபடாது என்பதே கிடைக்கும் காப்பு.

7. முடிவு

சூரிய ஆய்வகத்தின் நோக்கேட்டில் இரண்டு வகை வெற்றுநாட்கள் உண்டு. சூரியனைப் பார்த்தும் புள்ளி இல்லாத நாளுக்குப் பூச்சியம்; மேகத்தால் பார்க்கவே முடியாத நாளுக்கு இடைவெளி. இரண்டையும் குழப்பினால் சராசரியே பொய்யாகிவிடும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர்கூட இல்லாத வழங்கி, தமிழ் இடுகைகளில் நடவடிக்கைக்குரியது எதுவுமில்லை என்று இன்று பூச்சியம் போடுகிறது. அங்கே இருக்க வேண்டியது மேகக் குறி. 'அரட்டை'க்கோ வேறு செயலிக்கோ நாளை பொது நெறிமுறை எழுதப்படுமானால், முகவரிக்கும் உறைக்கும் அடுத்தபடியாக அந்தக் குறிக்கும் ஒரு புலம் ஒதுக்கப்பட வேண்டும்.