மனித உயிரணுவின் வைரசுத் தடுப்பு மரபணுக்கள்: ஆய்வு வரலாறு

உடலுக்குள் நுழையும் ரெட்ரோவைரசுகளை உயிரணுவின் உள்ளேயே எதிர்க்கும் மரபணுக்கள் வைரசுத் தடுப்பு மரபணுக்கள் எனப்படும். ரெட்ரோவைரசு தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, தான் புகுந்த உயிரணுவின் மரபுத்தொகுதியோடு இணைத்துவிடும். விலங்குகளின் ரெட்ரோவைரசுகள் பலவற்றை மனித உயிரணு தடுத்துவிடுகிறது. எச்.ஐ.வி.யை மட்டும் ஏன் தடுக்க இயலவில்லை என்பதே இத்துறையின் மையக் கேள்வியாகும்.

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி.

1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா சென்னையில் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. எச்.ஐ.வி.-1 சிம்பன்சியிடமிருந்து மனிதருக்கு வந்தது என்பதை 1999இல் பியாட்ரிசு ஆன் குழுவினர் காட்டினர்.

கண்டுபிடிப்புகள்

1957இல் இலண்டனில் அலிக் ஐசக்சும் சான் லிண்டன்மனும் இன்டர்பெரானைக் கண்டறிந்தனர். தொற்றுக்குள்ளான உயிரணு வெளியிடும் இப்புரதம், அண்டை உயிரணுக்களின் தடுப்பு மரபணுக்களைத் தூண்டுகிறது.

2000ஆம் ஆண்டில், எலியின் ஒருவகை ரெட்ரோவைரசு மனித உயிரணுவில் தடுக்கப்படுவது அறியப்பட்டது. எந்த மரபணு அதைச் செய்கிறது என்பது அப்போது தெரியவில்லை. 2004இல் அமெரிக்காவில் சோசப் சோட்ராசுக்கி குழுவினர், செம்முகக் குரங்கின் உயிரணு எச்.ஐ.வி.யை எதிர்க்கக் காரணமான டிரிம்5ஆல்பா மரபணுவைக் கண்டுபிடித்தனர். எலி வைரசைத் தடுப்பதும் இதன் மனித வடிவமே என்பது அதே ஆண்டில் தெளிவாயிற்று. இதன் புரதம், வைரசின் மரபுப்பொருளைச் சூழ்ந்துள்ள புரதக்கூட்டைப் பற்றிச் சிதைக்கிறது. ஆனால் மனித வடிவம் எச்.ஐ.வி.யின் கூட்டைச் சரிவரப் பற்றுவதில்லை. மனிதப் புரதத்தின் 332ஆம் இடத்தில் உள்ள ஒரேயோர் அமினோ அமிலத்தை மாற்றினால் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் ஆற்றல் கூடுவதை 2005இல் ஆய்வாளர்கள் காட்டினர்.

2002இல் மைக்கேல் மாலிம் குழுவினர் அப்போபெக்3ஜி என்னும் மற்றொரு தடுப்பு மரபணுவைக் கண்டறிந்தனர். இது வைரசின் டி.என்.ஏ. படியில் பிழைகளைப் புகுத்திக் கெடுக்கிறது. எச்.ஐ.வி. தன் விஃப் புரதத்தால் இதனை அழிக்கிறது. 2008இல் அறியப்பட்ட டெதெரின், புதிதாக உருவான வைரசுகளை உயிரணுவின் மேற்பரப்பில் கட்டிவைக்கிறது. அதை எச்.ஐ.வி.-1 விபியூ என்னும் புரதத்தால் முறியடிக்கிறது.

பழைய வைரசும் புதிய வைரசும்

சிம்பன்சி, கொரில்லா ஆகியவற்றின் மரபுத்தொகுதியில் சில மில்லியன் ஆண்டுகளுக்கு முன் புகுந்த ஒரு ரெட்ரோவைரசின் எச்சங்கள் உள்ளன. மனிதரிடம் அவை இல்லை. மும்பையில் பிறந்த அர்மித் மாலிக்கும் மைக்கேல் எமர்மனும் தம் குழுவினருடன் 2007இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். மனித டிரிம்5ஆல்பா அப்பழைய வைரசைத் தடுக்கும் வகையில் மாறியது என்றும், அம்மாற்றமே எச்.ஐ.வி.க்கு எதிரான ஆற்றலைக் குறைத்தது என்றும் அவர்கள் கருதினர். அப்பழைய வைரசைத் தடுத்தது டிரிம்5ஆல்பா அன்று, அப்போபெக்3 வகை மரபணுக்களே என 2008இல் பால் பியெனியாசு குழுவினர் மறுத்தனர்.

ஒரு வைரசுக்கு ஏற்ப அமைந்த காவல் இன்னொரு வைரசுக்கு உதவாமல் போகலாம் என்பது இவ்வாய்வுகளின் பொதுப்பாடமாகும். மரபணு பற்றத் தவறிய அதே புரதக்கூட்டைத் தாக்கும் லெனகபவிர் என்னும் மருந்து, 2022இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எச்.ஐ.வி. சிகிச்சைக்கு ஒப்புதல் பெற்றது.