குதிரையா, பிஷப்பா? அந்த "மூணு பாயிண்ட்" கதை

போன வாரம் பொத்தேரி ஸ்டேஷன்ல தாம்பரம் பக்கம் போற வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்ச்ல ரெண்டு காலேஜ் பசங்க போன்ல செஸ் ஆடிட்டு இருந்தாங்க. ஒருத்தன் தன் பிஷப்பைக் கொடுத்துட்டுக் குதிரையை வெட்டினான். "லூசாடா நீ?"ன்னான் மத்தவன். "ரெண்டும் மூணு பாயிண்ட்தானேடா!"

ஸ்கூல் டோர்னமெண்ட்ல நானும் இதையே சொல்லித்தான் ஒரு பிஷப்பைக் கொடுத்தேன். அதுக்கப்புறம் கருப்புக் கட்டம் எல்லாம் எதிராளி கைக்குப் போயிடுச்சு. தோத்தேன். அந்த மூணு பாயிண்ட் உண்மையா? இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல வரலாறு. சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம் போய் சத்ரஞ்ச் ஆனது. இன்னைக்கு பிஷப் நிற்கிற இடத்தில் அப்போ நின்றது யானை. சரியா ரெண்டு கட்டம் மூலைவாட்டில் தாவும், அவ்வளவுதான். அதனால 64 கட்டத்தில் ஒரு யானை வாழ்நாள் முழுக்க எட்டே கட்டத்தைத்தான் தொட முடியும். எதிரி யானையோட மோதவே முடியாது. ரெண்டுக்கும் பொதுவான கட்டமே கிடையாது. குதிரையோ இன்னைக்குத் தாவுற மாதிரியேதான் அன்னைக்கும் தாவுச்சு. அன்னைக்குக் கேட்டிருந்தா பதில் சுலபம்: குதிரைதான்.

15ஆம் நூற்றாண்டோட கடைசியில் ஐரோப்பாவில் விதி மாறியது. யானை நின்ற இடத்துக் காய் மூலைவாட்டில் எவ்வளவு தூரம் வேணும்னாலும் ஓடலாம்னு ஆச்சு. ஸ்பானிஷ்ல அதுக்கு இன்னும் "அல்ஃபில்"னுதான் பேர்; யானைங்கிற அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

இப்போ கணக்கு. நாலு வரி லூப் எழுதினா போதும். காலிப் பலகையில் குதிரைக்குச் சராசரியா 5.25 நகர்வு, பிஷப்புக்கு 8.75. ஆனா பிஷப் பிறந்த நிறத்தை விட்டு வெளியே வராது. பாதிப் பலகை அதுக்கு இல்லவே இல்லை. அதனாலதான் ரெண்டு பிஷப்பும் சேர்ந்து இருந்தா தனி மதிப்பு. டீப்மைண்ட், கிராம்னிக்கோட சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வுல ஆல்ஃபாசீரோ கணக்குப்படி குதிரை 3.05, பிஷப் 3.33. வித்தியாசம் ஒரு சிப்பாயில் மூணுல ஒரு பங்குகூட இல்லை. சிப்பாய்கள் முட்டிக்கிட்டு வழி அடைச்சா அதுவும் தலைகீழாகும். குதிரைக்குச் சுவர் ஏது?

இந்தச் சண்டையை ரெண்டு பேர் நேராவே போட்டாங்க. ஸ்டைனிட்ஸ் ரெண்டு பிஷப் கட்சி. சிகோரின் குதிரைக் கட்சி. 1892, ஹவானா, உலக சாம்பியன் போட்டி, 23ஆவது ஆட்டம். சிகோரின் ஒரு காய் அதிகமா வச்சு ஜெயிக்கிற நிலையில் இருந்தார். எச்2 கட்டத்தைக் காத்துக்கிட்டிருந்த பிஷப்பை நகர்த்தினார். அடுத்த ரெண்டு நகர்த்தலில் மேட். குதிரையை நேசிச்சவரைக் கவிழ்த்தது தன்னோட சொந்த பிஷப்.

132 வருஷம் கழிச்சு, 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். கடைசி ஆட்டம். டிங் லிரெனோட பிஷப் ஏ8 மூலையில் நின்னுச்சு. அவர் யானையை எஃப்2க்கு நகர்த்தினார். நம்ம குகேஷ் யானைகளை வெட்டி மாத்தி, பிஷப்பை டி5இல் வச்சார். மூலையில் இருந்த பிஷப்புக்கு இருந்த ஒரே பாதை அது. தப்பிக்க இடமில்லை, மாத்தியே ஆகணும். மாத்தினா சிப்பாய் ஆட்டம் குகேஷுக்கு. 18 வயசுல உலக சாம்பியன்.

பொத்தேரியிலிருந்து செங்கல்பட்டு போய் பஸ் மாறினா மாமல்லபுரம். 2022 ஒலிம்பியாட் அங்கதான் நடந்தது. வேட்டி கட்டிக் கைகூப்பி நின்ன "தம்பி" ஒரு குதிரை. அந்தப் போட்டியில் குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயிச்சார். அவரை உலக சாம்பியன் ஆக்கினது பிஷப்.

ஸ்கூல்ல என்னைத் தோக்கடிச்சது பிஷப் இல்லாதது இல்லை மக்களே. பலகையைப் பார்க்காம பாயிண்டைப் பார்த்தேன், அதுதான். அந்தப் பையன்கிட்ட இதைச் சொல்லலாம்னு திரும்பினேன், வண்டி வந்துடுச்சு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.