சேமநிதியும் அடுக்குமாடி வீடும்: சிங்கப்பூர்ப் பொதுக் குடியிருப்பு வரலாற்றில் முதுமை (1955–2015)

முன்னுரை

உழைக்கும் குடும்பங்களுக்குக் கட்டுப்படியான விலையில் வீடு வழங்குவதும் முதியோரின் வாழ்வாதாரத்தை உறுதிசெய்வதும் பொதுவாக இருவேறு நலத்திட்டங்களாகவே ஆராயப்படுகின்றன. சிங்கப்பூரில் இவ்விரண்டும் ஒரே நிதியைச் சார்ந்து வளர்ந்தன. முதுமைக்கென ஒதுக்கப்பட்ட ஊழியர் சேமிப்பு வீடாக மாறியதையும், அவ்வீட்டை மீண்டும் முதுமைக்கால வருவாயாக மாற்ற நேர்ந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வாடகைக் குடியிருப்பு

1927இல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை 32 ஆண்டுகளில் ஏறத்தாழ 23,000 வீடுகளையே கட்டியது. மக்கள்தொகைப் பெருக்கத்திற்கு இது ஈடாகவில்லை. நகரத்தின் கடைவீடுகளில் ஒரே அறை பலகைத் தடுப்புகளால் பல குடும்பங்களுக்குப் பிரித்து விடப்பட்டது. நகர விளிம்பில் கீற்றுக்கூரைக் குடிசைகள் பெருகின. 1960 பிப்ரவரி 1ஆம் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் லிம் கிம் சான் தலைமையில் செயல்படத் தொடங்கியது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் அது 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது, இவ்விரைவுக்கு மேலும் உந்துதலாயிற்று. அக்காலத்து ஓரறை, ஈரறை வீடுகள் வாடகைக் குடியிருப்புகளாகவே அமைந்தன.

சேமிப்பு வீடாதல்

1964இல் வீட்டு உரிமைத் திட்டம் அறிமுகமானது. ஆயினும் மாதக் கூலியிலிருந்து முன்பணமும் தவணையும் செலுத்துவது குறைந்த வருவாயினர்க்கு எளிதன்று. இத்தடையை நீக்கியது மத்திய சேமநிதியாகும். 1955இல் உருவான இந்நிதிக்குத் தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்தில் 5 விழுக்காடு வீதம் செலுத்தினர். அதன் நோக்கம் ஓய்வுக்காலப் பாதுகாப்பு. 1968 முதல் இத்தொகையைக் கொண்டு கழக வீடு வாங்க இசைவளிக்கப்பட்டது. கைப்பணம் குறையாமல் 99 ஆண்டுக் குத்தகையில் வீடு கிடைத்தது. ஆனால் முதுமைக்கான பணம் சுவர்களுக்குள் தங்கிற்று.

வீடு வருவாயாதல்

அத்தலைமுறை முதுமையடைந்தபோது, வீடு இருந்தும் கையில் பணமில்லாத நிலை தோன்றியது. 1998இல் முதியோர்க்கென 30 ஆண்டுக் குத்தகையிலான சிறு வீடுகள் அறிமுகமாயின. 2009இல் தொடங்கிய குத்தகை மீள்வாங்கல் திட்டத்தின்கீழ், முதியவர் தம் வீட்டிலேயே வாழ்ந்துகொண்டு, எஞ்சிய குத்தகையின் பிற்பகுதியைக் கழகத்திற்கே விற்று மாத வருவாய் பெறலாயினர். 2015இல் வந்த ஈரறை நெகிழ்வுத் திட்டம், 55 வயது நிரம்பியோர் 15 முதல் 45 ஆண்டு வரையிலான குத்தகையைத் தேர்ந்துகொள்ள இடமளித்தது. வீட்டைப் போலவே காலமும் அளந்து விற்கப்படும் பொருளாயிற்று எனலாம்.

முடிவுரை

1968இல் சேமநிதியிலிருந்து வீட்டுக்குச் சென்ற பணத்தை வீட்டிலிருந்து ஓய்வூதியத்திற்குத் திருப்பும் முயற்சியே 2009ஆம் ஆண்டுத் திட்டம் என்பது இவ்வரலாற்றால் புலனாகிறது. இதற்கு இரு எல்லைகள் உண்டு. விற்கப்படும் குத்தகைக் காலம் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய உரிமையிலிருந்து கழிகிறது. மேலும், நிலையான ஊதியம் பெறாத நாட்கூலிகளுக்கும் இல்லத்தைப் பேணிய பெண்களுக்கும் தம் பெயரில் போதிய சேமிப்பு இருக்கவில்லை. தனித்த முதியவர் இருவர் ஓரறை வாடகை வீட்டைப் பகிர்ந்து வாழும் நிலை இன்றும் தொடர்வது, உரிமையை அடிப்படையாகக் கொண்ட குடியிருப்புக் கொள்கை எங்கு நின்றுவிடுகிறது என்பதைக் காட்டுகிறது.