ஒரு பம்பரும் 1683ஆம் ஆண்டுச் சட்டமும்

வானொலியில் இதைப் பேசியபோது இடையில் நேரம் முடிந்துவிட்டது. மிச்சத்தையும் சேர்த்து எழுத்தில் தாருங்கள் என்று பலர் கேட்டதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். டென்மார்க்கில் கார் ஓட்டுகிற எங்கள் எல்லோருக்கும் இது ஒருநாள் தேவைப்படும்.

1994ஆம் ஆண்டு இலையுதிர் காலம். ஹேர்னிங் நகரில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தேன். பத்து வருடம் ஓடிய மஸ்டா. இந்த நாட்டில் காருக்குக் கட்டுகிற பதிவு வரி காரின் விலையையே விஞ்சி நின்ற காலம் அது. ஆகவே எங்களில் பெரும்பாலானோரிடம் இருந்தது பழைய கார், அதற்குச் சட்டப்படி கட்டாயமான பொறுப்புக் காப்புறுதி மட்டும். சொந்தக் காரின் சேதத்துக்கும் காசு தருகிற காஸ்கோ எடுக்க வசதியில்லை. பின்னால் வந்த ஒரு கம்பனி வான் நிற்கவில்லை. பெரிய அடியில்லை. பம்பர் உள்ளே போய், டிக்கி மூட முடியாமல் வளைந்துவிட்டது.

வானிலிருந்து இறங்கியவன் இருபது வயதுப் பெடியன். முகம் வெளிறிப் போயிருந்தது. "பிழை என்னுடையதுதான், நானே காசு தருகிறேன், தயவுசெய்து என் கம்பனிக்குச் சொல்லாதே, வேலை போய்விடும்" என்றான். ஒரு துண்டில் தொலைபேசி இலக்கம் எழுதித் தந்தான். நான் சரி என்றேன்.

ஏன் சரி என்றேன் என்பதைப் பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். அவன்மேல் வந்த இரக்கம் ஒன்று. மற்றது பயம். எங்கள் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களை நிறுத்திவைத்த விவகாரத்தில் 1993 சனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகியிருந்தார். முன்னாள் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் மீதான வழக்கு நடந்துகொண்டிருந்தது. பத்திரிகையைத் திறந்தால் "தமிழர்" என்ற சொல். எங்கள் பெயரால் ஒரு அரசாங்கமே போயிருக்க, ஒரு பம்பருக்காகப் பொலிசில் என் பெயர் பதிவாவதா? வீட்டிலே இரண்டு வருடம் முன்புதான் வந்து சேர்ந்த மனைவி. ஒரு கடதாசியிலும் என் பெயர் வரக்கூடாது என்பதுதான் அப்போதைய என் கொள்கை.

அந்த மனைவிதான் என்னைக் காப்பாற்றியவர். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது வானின் இலக்கத்தையும் அதில் எழுதியிருந்த கம்பனிப் பெயரையும் தமிழ்க்கடைப் பில்லின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார்.

பெடியன் தந்த இலக்கம் வேலை செய்யவில்லை. கராஜில் 4800 குரோனர் என்றார்கள். மூன்று கிழமை கழித்துக் கம்பனிக்குப் போனேன். "அவர் இப்போது இங்கே வேலையில் இல்லை, எங்களுக்கு எதுவும் தெரியாது" என்று பண்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதோடு விட்டுவிடுவோம் என்றுதான் இருந்தேன். மாலைநேர மொழி வகுப்பில் ஆசிரியை "இந்த வாரம் என்ன நடந்தது" என்று வழக்கம்போலக் கேட்க, தெரிந்த டெனிஷில் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அவன் வேலையில் இருந்தால் என்ன விட்டால் என்ன, இது ஐந்தாம் கிறிஸ்தியான் மன்னர் காலத்திலேயே முடிந்த விடயம் என்றார்.

1683இல் அந்த மன்னர் நாட்டுக்கு முழுவதும் பொதுவாக ஒரு சட்டநூலை வெளியிட்டார். அதன் பெயரே டென்மார்க் சட்டம், டான்ஸ்க லோவ். அதில் மூன்றாம் நூல், பத்தொன்பதாம் அதிகாரம், இரண்டாம் பிரிவு. திருக்குறளுக்கு எண் சொல்வதுபோல இங்கே வழக்கறிஞர்கள் இதை எண்ணால் சொல்கிறார்கள். எசமான் ஒருவர் தன் வேலையாளைத் தனக்காக ஒரு காரியம் செய்ய அனுப்பினால், அந்தக் காரியத்தில் வேலையாள் செய்யும் பிழைக்கு எசமானே பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். குதிரையும் வண்டிலும் பண்ணை வேலையாட்களும் இருந்த காலத்துச் சட்டம். தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையின் மேல் இதே மன்னரின் கொடி பறந்த காலமும் அதுதான். அந்த நூலின் பெரும்பகுதி பிற்காலச் சட்டங்களால் நீக்கப்பட்டுவிட்டது. இந்தப் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது; நீதிமன்றங்கள் இன்றும் இதைக் கொண்டு தீர்ப்பளிக்கின்றன.

இனி அந்தப் பெடியனின் பயத்துக்கு வருவோம். தன் சம்பளத்திலிருந்து கழிப்பார்கள், அல்லது கம்பனி தன்மேல் வழக்குப் போடும் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். 1984இல் வந்த இழப்பீட்டுப் பொறுப்புச் சட்டம் அந்தப் பயத்துக்கு இடமே வைக்கவில்லை. வேலையின்போது நடந்த சாதாரணக் கவனக்குறைவினால் வந்த சேதம், எசமானின் காப்புறுதி ஏற்கும் சேதம் என்றால், அதை வேலையாள் தலையில் கட்ட முடியாது. வேண்டுமென்று செய்திருந்தால், அல்லது மிக மோசமான அலட்சியமாக இருந்தால்தான் கதை வேறு. அன்றைக்கு அந்த வெளிச்சச் சந்தியில் நின்ற இரண்டு பேரில் ஒருவன் இந்த நாட்டில் பிறந்தவன், ஒருவன் அகதியாக வந்தவன். இருவருக்கும் சட்டம் தெரியாது. தெரிந்திருந்தால் ஐந்து நிமிட எழுத்து வேலை.

காப்புறுதி இந்த நாட்டுக்குப் புதிதல்ல. கடலில் போகிற கப்பல்களுக்காக 1726இலேயே கொப்பன்ஹேகனில் ஒரு கம்பனி அரச அனுமதியோடு தொடங்கியது. 1728இல் அந்த நகரின் ஒரு பெரிய பகுதியை எரித்த தீக்குப் பின், 1731இல் வீடுகளுக்கான தீக் காப்புறுதி வந்தது. இவையெல்லாம் தன் பொருளைத் தான் காப்பது. மற்றவனுக்கு நான் செய்யும் சேதத்துக்கு நான் காப்புறுதி எடுப்பது என்ற எண்ணம் எல்லோருக்கும் கட்டாயமானது மோட்டார் வாகனம் வந்த பிறகுதான்.

டென்மார்க்கில் மோட்டார் வண்டிகளுக்கென்று முதற் சட்டம் 1903இல் வந்தது. இன்று நடைமுறையில் உள்ள வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் அடிப்படை 1976இல் போடப்பட்டது. இதில் எங்கள் ஆட்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. கார் ஒரு நடைபாதசாரியையோ சைக்கிள்காரரையோ காயப்படுத்தினால், யார் பிழை என்ற கேள்வி கிட்டத்தட்ட எழாது; கார்ப் பக்கமே காயத்துக்கு ஈடு கட்ட வேண்டும். 1980களின் நடுவில் செய்த திருத்தத்தால் வந்த கடும் பொறுப்பு அது. அதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லா விபத்துக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். இரண்டு மோட்டார் வாகனங்கள் மோதினால் அப்படியல்ல. அங்கே சட்டம் சூழ்நிலைகளைப் பார்த்துப் பொறுப்பைப் பங்கிடச் சொல்கிறது. முழுவதும் ஒருவருக்கு, அல்லது பாதி பாதி, அல்லது வேறு அளவு. சூழ்நிலைகளைக் காட்ட ஆதாரம் இல்லாவிட்டால், இவர் சொல்வது ஒன்று அவர் சொல்வது ஒன்று என்று வரும்போது, நியாயமானவருக்கும் பாதிதான் கிடைக்கும், சிலவேளை அதுவும் இல்லை.

இதே சட்டத்தில் எனக்கு உதவிய இன்னொரு பிரிவு இருக்கிறது. இடித்த வாகனத்தின் காப்புறுதிக் கம்பனி, பாதிக்கப்பட்டவருக்கு நேரடியாகவே பொறுப்பு. சாரதியைத் தேடிப் பிடிக்கவேண்டியதில்லை, அவர்மேல் வழக்கு வென்றுவிட்டு வரவேண்டியதில்லை. காப்புறுதி சாரதியோடு போவதில்லை, வாகனத்தோடு போகிறது.

இதை முதலில் நம்புவது எனக்குக் கடினமாக இருந்தது. காரணம், நாங்கள் வந்த இடத்தின் வரலாறு வேறு. பிரித்தானியா 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தால் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. சுவீடன் முதலிய ஸ்கண்டிநேவிய நாடுகள் அதற்கு முந்திவிட்டன. பிரித்தானியர் கட்டாயமாக்கியதும் மனிதருக்கு வரும் காயத்துக்கும் மரணத்துக்கும் மட்டும்தான். அங்கே மற்றவரின் பம்பர் கட்டாயக் காப்புறுதிக்குள் வந்தது 1980களின் கடைசியில். அந்த மரபில் எழுதப்பட்டதுதான் இலங்கையின் 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். முதலில் சாரதிக்கோ சொந்தக்காரருக்கோ எதிராகத் தீர்ப்பு, அதன் பிறகு கம்பனி அந்தத் தீர்ப்பின் காசைக் கட்டும் என்ற ஒழுங்கு.

அதன்மேல் இன்னொன்று. 1962இல் இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது. 1964 முதல் வாகனக் காப்புறுதியும் அதன் ஏகபோகத்துக்குள் வந்தது. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காலத்தில் இடித்தவனின் காருக்கும் இடிபட்டவனின் காருக்கும் ஒரே கூட்டுத்தாபனம்தான். "மற்றவரின் கம்பனி" என்று ஒன்று எங்கள் கற்பனையிலேயே இருக்கவில்லை. றோட்டில் இரண்டு பேர் சத்தம் போட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் புகுந்து, கராஜ்காரரிடம் பேசி முடிப்பதே வழக்கம். டென்மார்க்கிலும் "நாங்களே பேசி முடிப்போம்" என்று நாங்கள் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் பெரியவர் இங்கே ஹேர்னிங்கில் இல்லை.

ஆசிரியையின் உதவியோடு இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று வான் கம்பனிக்கு: திகதி, நேரம், இடம், வாகன இலக்கம், உங்கள் காப்புறுதி எது என்ற கேள்வி. இரண்டாவது அந்தக் காப்புறுதிக் கம்பனிக்கு, கராஜ் மதிப்பீட்டோடும் நான்கு படங்களோடும். அவர்கள் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பினார்கள். பின்னால் இருந்து இடித்தவரே தூரம் விடத் தவறியவர் என்பது பொதுவான நிலைப்பாடு என்பதால் அதிகம் வாதம் வரவில்லை. நான்கு மாதம் எடுத்தது. முழுக் காசும் வந்தது. (அந்தப் பெடியன் ஏன் வேலையை விட்டான், தானாக விட்டானா என்பது எனக்குத் தெரியவரவில்லை. இப்போதும் அந்தச் சந்தியால் போகும்போது நினைப்பு வரும்.)

காஸ்கோ இருப்பவர்களுக்கு வழி இன்னும் எளிது. சொந்தக் கம்பனிக்கு அறிவித்தால் அவர்களே திருத்தக் காசைத் தந்துவிட்டு, மற்றக் கம்பனியிடம் திருப்பி வாங்குவார்கள். நாங்கள் கட்டுகிற செல்வ்ரிசிகோத் தொகையும் அப்போது திரும்பி வரவேண்டும். வராவிட்டால் கேளுங்கள். சொந்தக் கம்பனியோடு பிணக்கு என்றால் 1975 முதல் காப்புறுதி முறைப்பாட்டுச் சபை ஒன்று கொப்பன்ஹேகனில் இருக்கிறது. சிறிய கட்டணம், வென்றால் அது திரும்பக் கிடைக்கும். கழுத்து நோவோ தலையிடியோ இருந்தால் "ரெண்டு நாளில் மாறிவிடும்" என்று பார்த்துக்கொண்டு இராமல் உடனே வைத்தியரிடம் போய்ப் பதிய வையுங்கள். பிந்திப் போனால் அது விபத்தால் வந்ததென்று காட்டுவது பெரும்பாடு. உரிமை கோருவதற்கான பொதுவான காலக்கெடு 2008 முதல் மூன்று வருடம்.

இனி அந்த ஐந்து நிமிட எழுத்து வேலை. ஐரோப்பியக் காப்புறுதிக் கம்பனிகளின் சங்கம் உருவாக்கிய ஒரு விபத்துப் படிவம் உண்டு. எந்த மொழியில் இருந்தாலும் அமைப்பு ஒன்றே: இடப்பக்கம் ஒரு வாகனம், வலப்பக்கம் மற்றது, நடுவில் 17 பெட்டிகள். டெனிஷ் தெரியாத ஒருவரும் பிரெஞ்சு மட்டும் தெரிந்த ஒருவரும் ஒரே தாளை நிரப்பலாம். எட்டாவது பெட்டி, ஒரே நிரையில் முன்னால் நின்றவரைப் பின்னால் இடித்தது. என் கதை முழுவதும் அந்த ஒரு புள்ளடிக்குள் அடங்கியிருக்கும். பிழையை ஒப்புக்கொள்ளும் கடதாசி அல்ல இது, நடந்ததைப் பதியும் கடதாசி என்று தாளிலேயே அச்சடித்திருக்கிறது. அந்தப் பெடியனுக்கு நான் காட்டியிருக்க வேண்டியது அந்த வரிதான்.

எல்லை தாண்டி ஓட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேறு நாட்டுக் கார் இடித்தால் என்ன செய்வது என்ற சிக்கலுக்காகவே 1953 சனவரியில் பச்சை அட்டை முறை தொடங்கியது. டென்மார்க் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது 1973இல். அதற்கு முந்திய ஆண்டுதான் எல்லையில் காப்புறுதி சோதிப்பதை ஒழிக்கும் முதற் கட்டளை வந்தது. 2000ஆம் ஆண்டின் நான்காவது கட்டளைப்படி, ஒவ்வொரு காப்புறுதிக் கம்பனியும் மற்ற உறுப்பு நாடுகளில் ஒரு பிரதிநிதியை வைத்திருக்க வேண்டும். ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போன இடத்தில் ஒரு ஜேர்மன் கார் இடித்தால், வீட்டுக்கு வந்து டென்மார்க்கில் இருக்கும் பிரதிநிதியிடமே கோரலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டின் கார்த் தரிப்பிடத்தில் என் காரின் கதவில் ஒருவர் பின்னுக்கு எடுத்து இடித்துவிட்டார். எங்கள் ஆள்தான், வேட்டி சால்வையோடு இறங்கி வந்தார். "அண்ணை, கம்பனிக்கு அறிவிக்க வேண்டாம், நாங்கள் எங்களுக்குள்ளே பாப்பம்" என்றார். நான் டாஷ்போர்டைத் திறந்து படிவத்தை எடுத்தேன். அவருக்கு முகம் மாறியது. மனைவி அதற்குள் அவருடைய இலக்கத் தகட்டைப் படம் எடுத்துவிட்டார். இப்போதெல்லாம் இலக்கம் தெரிந்தால் எந்தக் கம்பனி என்று வாகனப் பதிவேட்டில் இணையத்திலேயே பார்க்கலாம். "தம்பி, கோவிக்காதேங்கோ, இதிலே யார் பிழை எண்டு எழுதத் தேவையில்லை, நடந்ததை மட்டும் எழுதுவம்" என்று அவர் கையில் பேனையைக் கொடுத்தேன். கார் பொனட்டில் தாளை விரித்துவைத்து இரண்டு பேரும் பெட்டிகளை வாசித்தோம். பின்னுக்கு எடுத்தல், பதினான்காவது. அவர் புள்ளடி போட்டு, படம் கீறி, ஒப்பம் வைத்தார். தாலி கட்டு முடிவதற்குள் இரண்டு பேரும் மண்டபத்துக்குள் போய்விட்டோம்.