முழு உரைத் தேடல் சுட்டுவரிசைப் பராமரிப்பு

முழு உரைத் தேடல் சுட்டுவரிசைப் பராமரிப்பு என்பது உறவுநிலைத் தரவுத்தளத்தில் உள்ள உரைகளில் சொற்களைத் தேட உதவும் சுட்டுவரிசையை, அவ்வுரைகளில் ஏற்படும் மாற்றங்களுக்கு ஏற்பப் பேணும் பணியாகும். இப்பணி தவறும்போது தரவுத்தளம் பெரும்பாலும் பிழைச்செய்தி எதையும் காட்டுவதில்லை. பதிவு அட்டவணையில் இருந்தும் தேடலில் கிடைக்காது போகலாம். தேடியவர் அப்பதிவே இல்லை என்று முடிவு செய்ய நேரிடும்.

அமைப்பு

இச்சுட்டுவரிசை பொதுவாகத் தலைகீழ்ச் சுட்டுவரிசை என்னும் வகையைச் சேர்ந்தது. ஒரு சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்பதை நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவு காட்டுவது போல, இது ஒவ்வொரு சொல்லுக்கும் அச்சொல் இடம்பெறும் பதிவுகளைப் பட்டியலிடுகிறது. 200 வெவ்வேறு சொற்கள் கொண்ட ஓர் உரையைச் சேர்த்தால் ஏறத்தாழ அத்தனை பட்டியல்கள் மாற வேண்டும். எனவே பல மென்பொருட்கள் இம்மாற்றங்களை உடனுக்குடன் செய்யாமல், தொகுத்துப் பின்னர் செய்கின்றன.

ஒத்திசைத்தல்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் மென்பொருளின் ஜின் வகைச் சுட்டுவரிசை, புதிய சொற்களை முதலில் ஒரு காத்திருப்புப் பட்டியலில் இடுகிறது. இவ்வசதி 2009 இல் வெளியான 8.4 பதிப்பில் அறிமுகமானது. பட்டியலின் இயல்பான வரம்பு 4 மெகாபைட்டு ஆகும். தேடலின்போது இப்பட்டியலும் படிக்கப்படுவதால் முடிவு பிழையாகாது; ஆனால் பட்டியல் நீண்டால் தேடல் மெதுவாகும். வேக்யூம் கட்டளை அதனை முதன்மைச் சுட்டுவரிசையில் சேர்க்கிறது.

ஆரக்கிள் டெக்ஸ்டில் கைமுறை ஒத்திசைவைத் தேர்ந்தெடுத்திருந்தால், ஒத்திசைக்கும் கட்டளையை இயக்கும் வரை புதிய பதிவுகள் தேடலில் கிடைக்கமாட்டா. ஆகவே அக்கட்டளையைக் குறித்த இடைவெளியில் தானாக இயங்கச் செய்வது வழக்கம்.

நீக்கியவற்றைக் களைதல்

மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி, 2013 இல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த 5.6 பதிப்பிலிருந்து முழு உரைத் தேடலை வழங்குகிறது. இதில் ஒரு பதிவை நீக்கினால் அதன் சொற்கள் சுட்டுவரிசையிலிருந்து உடனே அகற்றப்படுவதில்லை. நீக்கிய பதிவின் எண் தனியே குறித்து வைக்கப்பட்டு, தேடல் முடிவிலிருந்து வடிகட்டப்படுகிறது. இதனால் பதிவுகள் குறைந்தாலும் சுட்டுவரிசை சுருங்குவதில்லை. முழு உரைக்கு மட்டும் என்னும் அமைப்பை இயக்கிவிட்டு ஆப்டிமைஸ் டேபிள் கட்டளையைக் கொடுத்தால் எச்சங்கள் நீங்கும். இயல்பாக ஒரு முறைக்கு 2000 சொற்களே கையாளப்படுவதால், பெரிய அட்டவணைகளுக்கு இக்கட்டளையைப் பலமுறை கொடுக்க வேண்டும்.

மீளுருவாக்கம்

சொற்களைப் பிரிக்கும் விதி மாறினால் சுட்டுவரிசையை மீண்டும் உருவாக்க வேண்டும். இன்னோடிபியில் சொல்லின் குறைந்தபட்ச நீளம் இயல்பாக 3 எழுத்துக்குறிகள் ஆகும். இதனை 2 ஆக மாற்றினாலும், மீளுருவாக்கம் செய்யும் வரை பழைய உரைகளிலுள்ள ஈரெழுத்துச் சொற்கள் கிடைக்கமாட்டா.

சொற்களை அடிச்சொல்லாகக் குறுக்கும் விதிகளுக்கும் இது பொருந்தும். 2019 இல் வெளியான போஸ்ட்கிரெஸ்கியூஎல் 12 பதிப்பில் தமிழுக்கான இத்தகைய விதிகள் சேர்க்கப்பட்டன. முன்னர் குறுக்காமல் சேமித்த தமிழ் உரையில் புதிய விதிப்படி தேடினால், தேடுசொல் மட்டும் குறுகும்; சேமித்த சொல்லோடு அது பொருந்தாது போகலாம். உரையின் சொற்கள் தனி நிரலில் சேமிக்கப்பட்டிருந்தால், சுட்டுவரிசையை மட்டும் மீளுருவாக்குவது போதாது. அந்நிரலையும் புதிய விதிப்படி மீண்டும் கணக்கிட வேண்டும்.

சரிபார்த்தல்

வேறெங்கும் வராத ஒரு சொல்லைக் கொண்ட பதிவைச் சேர்த்து, பரிமாற்றத்தை உறுதிசெய்தபின் அச்சொல்லைத் தேடிப் பார்ப்பது எளிய சோதனையாகும். இன்னோடிபியில் உறுதிசெய்யப்படாத பதிவு முழு உரைத் தேடலில் தென்படாது. பழைய பதிவுகளையும் இவ்வாறே தனியாகச் சோதிக்க வேண்டும். புதிய பதிவு கிடைப்பது, முந்தையவை சரியாக உள்ளன என்பதற்குச் சான்றாகாது.